டீலர் இருக்கையில் இருந்து பார்த்தால்

போக்கர் மேசையில் சீட்டுப் போடும் டீலராக வேலை பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. ஜெயிக்கிற பணமும் தோற்கிற பணமும் நம்முடையது இல்லை. அதனால் ஆட்களைக் கவனிக்க முடியும். இத்தனை வருடங்களில் நான் பார்த்தவரை, கோபம் தலைக்கேறிய பிறகு அதை அடக்கப் பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் அது முடிவதில்லை. கிளம்பும்போதே கண்டுகொள்பவர்கள்தான் தப்பிக்கிறார்கள்.

ஓர் இரவு ஒருவரிடம் இரண்டு ஏஸ், எதிரே இருந்தவரிடம் இரண்டு கிங். ஃப்ளாப், அதாவது மேசையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள், விழும் முன்பே ஆல்-இன், அதாவது இருக்கிற பணம் மொத்தத்தையும் வைக்கும் பந்தயம். அந்த நிலையில் ஏஸ்காரர் ஜெயிக்க ஏறக்குறைய 82 சதவீத வாய்ப்பு. நான்காவது பொதுச் சீட்டான டர்ன் வரை எதுவும் மாறவில்லை. கண்ணில் படாத 44 சீட்டுகளில் அவரைத் தோற்கடிக்க இரண்டு கிங் மட்டுமே பாக்கி. கடைசிப் பொதுச் சீட்டான ரிவரில் நான் திருப்பியது கிங்.

ஏஸ்காரர் கத்தவில்லை. "பரவாயில்லை" என்று சிரித்தார். எதிராளியிடம் பணத்துக்குப் பதிலான சிப்ஸ் வில்லைகள் குறைவாக இருந்ததால் இவரிடம் பாதி மிச்சம் இருந்தது. ஆனால் அதுவரை சிப்ஸை நிதானமாக அடுக்கிக்கொண்டிருந்த விரல்கள், இப்போது அடுக்குவதும் கலைப்பதுமாகப் பரபரத்தன. அடுத்த கையில், அதாவது அடுத்த ஆட்டத்தில், சீட்டைச் சரியாகப் பார்ப்பதற்குள் பந்தயத்தை உயர்த்தி ரைஸ். கடைசியில் திறந்து காட்டியது பலவீனமான ஒரு ஒன்பதும் ஒரு நான்கும். போக்கரில் இப்படி நிதானம் இழந்து ஆடுவதை டில்ட் என்பார்கள். நான் அதைச் சத்தத்தில் தேடுவதில்லை, விரல்களில்தான் தேடுவேன்.

இதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. இழப்பின் வலி, அதே அளவு லாபம் தரும் சந்தோஷத்தைவிட அதிகமாக உறைக்கும் என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே எழுதிவிட்டார்கள். விட்டதைப் பிடித்துவிடலாம் என்று தோன்றினால், சாதாரணமாகத் தொடாத ரிஸ்க்கைக்கூட மனிதர்கள் எடுப்பார்கள்.

மேசையில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 30 கைகள் போடுவோம். நிதானமாக ஆடுபவர் அதில் கால்வாசி கைகளுக்கு மேல் ஆட மாட்டார். மீதி நேரம் சும்மாதான் உட்கார்ந்திருக்க வேண்டும். மனசைப் பழக்க வேண்டிய இடம் அதுதான் என்பது என் எண்ணம். பலர் அந்த நேரத்தை ஃபோனுக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

அடிக்கடி வரும் ஒரு பெண்மணி அப்படி இல்லை. பெரிய பாட் ஒன்றை, அதாவது நடுவில் சேர்ந்த பந்தயப் பணத்தை, இழந்தால் இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் விரித்து வைப்பார். மூச்சை மெதுவாக விடுவார். நான் சீட்டுகளைச் சேர்த்துக் கலைத்து முடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார். இடைவேளையில் ஒருமுறை கேட்டேன், "எப்படி மேடம் கோபமே வர மாட்டேங்குது?"

"வருமே. போன்னு சொன்னா போகாது. தாடை இறுகியிருக்கான்னு மட்டும் பார்ப்பேன். இறுகியிருந்தா அந்தச் சுற்று முழுக்க ஃபோல்ட்தான்."

அப்படிச் சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கினால் அந்தச் சுற்றில் கட்டாயமாக வைக்க வேண்டிய பிளைண்ட் பணம் போகும். டில்டில் ஆடிக் கரைவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

எனக்கும் இது தேவைப்படுகிறது. தோற்றவர் சில நேரம் என்னைத் திட்டுவார், ரிவரில் அந்தச் சீட்டை நான் வேண்டுமென்றே போட்டதுபோல. அந்தச் சூட்டோடு பாட்டைப் பிரித்தால் கணக்கு தவறும். அதனால் சிப்ஸைத் தொடும் முன் இருக்கையில் முதுகு பதிந்திருப்பதை ஒரு கணம் உணர்ந்துவிட்டுத்தான் எண்ணத் தொடங்குவேன்.

கோபத்தைப் பற்றியே பேசுகிறோம். சந்தோஷத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. அந்த இரவு கிங் வைத்து ஜெயித்தவரையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்குப் பிறகு எந்தச் சீட்டு வந்தாலும் பந்தயத்துக்கு ஈடாகப் பணம் வைத்துக் கால் செய்தார், ஒவ்வொரு ரிவரும் தனக்காகவே வரும் என்ற நம்பிக்கையோடு. நான் மேசை மாறும் நேரத்துக்கு, ஜெயித்ததில் முக்கால்வாசி மற்றவர்கள் முன்னால் இருந்தது.