மண்டபத்தில் டிடிஎல்: ஃபிளாஷ் நாட்குறிப்பு

ஜூன் 5

ஷட்டர் திறக்கும் முன் ஃபிளாஷ் ஒருமுறை லேசாக மின்னும். எதிரே பட்டு லென்ஸ் வழியாகத் திரும்பும் அந்த ஒளியை அளந்துதான் எவ்வளவு பவர் தேவை என்று கேமரா முடிவெடுக்கிறது. இதுதான் டிடிஎல் (through the lens, லென்ஸ் வழி அளவீடு). ஃபிலிம் காலத்தில் பெரும்பாலும் இந்த முன்மின்னல் தேவைப்படவில்லை; 1975-இல் வந்த ஒலிம்பஸ் ஓஎம்-2, ஃபிலிமில் பட்டுத் திரும்பும் ஒளியையே படம் பதியும்போது அளந்தது.

எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்பதே கேமராவின் கணக்கு. முகூர்த்த மேடையில் அது உதைக்கும். வெள்ளை வேட்டி சட்டை ஃபிரேமை நிறைத்தால் பவர் குறைந்து, வேட்டி சாம்பலாகும், முகம் இருளும். ஃபிளாஷ் காம்பன்சேஷனை (கேமரா கணித்த பவரைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1 வையுங்கள்; அதாவது ஒரு ஸ்டாப், இரு மடங்கு ஒளி. பின்னால் வெள்ளைச் சுவரும் இருந்தால் +1.7 வரை போகலாம். வரவேற்பில் கறுப்பு கோட் என்றால் நேர்மாறு, −0.7-இல் தொடங்கலாம்.

ஜூன் 6

வரிசையாக எடுத்த படங்களில் ஒன்று மட்டும் திடீரென இருண்டிருந்தால் ஜரிகையையோ குத்துவிளக்கையோ பாருங்கள். முன்மின்னல் அதில் பட்டு நேராகத் திரும்பியிருக்கும். முகத்துக்கு ஜூம் செய்து எஃப்இ லாக் (முன்மின்னலை அப்போதே அடித்து பவரை நிலைநிறுத்தும் வசதி; நிக்கானில் எஃப்வி லாக்) போட்டு, பிறகு ஃபிரேமை அமையுங்கள். முன்மின்னல் முன்பே முடிந்துவிடுவதால், அதற்குக் கண் சிமிட்டுபவர்களும் கண் திறந்தே விழுவார்கள்.

ஜூன் 9

ஃபிளாஷை டிடிஎல்லிலேயே விட்டு, கேமராவின் மேனுவல் மோடில் லென்ஸ் துளையை எஃப்/4-இலிருந்து எஃப்/8-க்குச் சுருக்கினால் பின்னணி சீரியல் பல்புகள் 2 ஸ்டாப் இருளும். முகம் அப்படியே இருக்கும். கேமரா ஃபிளாஷ் பவரை 4 மடங்கு ஏற்றிவிடுகிறது. ஏற்ற பவர் இருக்கும்வரைதான் இது. பெட்டியில் போட்டிருக்கும் கைடு நம்பர் (எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி எட்டும் தூரம் மீட்டரில் வரும்) 60 பெரும்பாலும் 200 மிமீ ஜூமுக்கு. 35 மிமீயில் சுமார் 36. ஐஎஸ்ஓ 100, எஃப்/8 என்றால் நேரடி ஒளியே 4.5 மீட்டர்தான் எட்டும். உயரமான சீலிங்கில் ஒளியைப் பட்டுத் திரும்பவிட்டு பவுன்ஸ் செய்தால் இன்னும் 2, 3 ஸ்டாப் போய்விடும்.

+1, +2 இரண்டிலும் படம் ஒரே மாதிரி வந்தால் ஃபிளாஷ் முழு பவரில் முட்டி நிற்கிறது. காம்பன்சேஷனைத் திருகிப் பயனில்லை, ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள்.

ஜூன் 10

மேடை அலங்கார விளக்கு இருண்டு தெரிந்தால் ஷட்டரை 1/200-இலிருந்து 1/60-க்கு இறக்குங்கள். முகத்தில் விழும் ஃபிளாஷ் ஒளி அதனால் மாறாது.

மொய் வரிசைக்கு டிடிஎல் வேண்டவே வேண்டாம். மணமக்கள் நிற்குமிடம் மாறுவதில்லை, பக்கத்தில் வந்து நிற்பவரின் உடை மட்டும் மாறுகிறது; டிடிஎல் ஒவ்வொரு உடைக்கும் ஒரு எக்ஸ்போஷர் தரும். ஃபிளாஷை எம் (மேனுவல்) மோடில் 1/4 பவரில் வைத்து, முகத்தைப் பார்த்து ஒருமுறை சரிசெய்தால் போதும். ஓரத்தில் ஆப்டிகல் ஸ்லேவ் விளக்கு (இன்னொரு ஃபிளாஷ் மின்னுவதைக் கண்டு தானே மின்னும் விளக்கு) இருந்தாலும் இதுவே நல்லது. டிடிஎல்லில் அது முன்மின்னலுக்கே எரிந்து தீர்ந்துவிடும்.