ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எதற்கு 75 சதவீதம்?

2025 ஜூன் 2, திங்கள்

இன்று பள்ளி திறப்பு. தென்மேற்குப் பருவமழையும் பள்ளித் திறப்பும் குமரி மாவட்டத்தில் கூடவேதான் வரும். நனைந்த சாக்ஸ், அடைத்த வேன் கண்ணாடி, ஒரே பெஞ்சில் நெருக்கி உட்காரும் நாலு பிள்ளைகள். மூன்று வாரத்துக்குள் சளிக்காய்ச்சல் வகுப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிடும். அது தெரிந்தும் எல்.கே.ஜி. டைரியின் முதல் பக்கத்திலேயே "75 சதவீத வருகை கட்டாயம்" என்று சில தனியார் பள்ளிகள் அச்சடித்துக் கொடுக்கின்றன.

75 என்பது பொதுத்தேர்வு எழுதும் பெரிய பிள்ளைகளுக்கான கணக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும் உள்ளது, எல்.கே.ஜி. பிள்ளை அதன் கட்டாயத்துக்குள் வரவே இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையையும் வருகை குறைந்ததற்காக அதே வகுப்பில் நிறுத்திவைக்க 16-ஆவது பிரிவு இடம் தரவில்லை. 2019-இல் வந்த திருத்தம் 5, 8 வகுப்புகளை மட்டுமே தொட்டது. அதுவும் தேர்வைப் பற்றியது, வருகையைப் பற்றியது அல்ல.

ஜூன் 12, வியாழன்

காலை ஏழரைக்கு பாராசிட்டமால் கொடுத்து, நெற்றி குளிர்ந்ததும் வேனில் ஏற்றிவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. ஆண்டுவிழாவில் முழு வருகைக்கு ஒரு கோப்பை தருகிறார்கள், அதுதான் பாதிக் காரணம். மருந்து நாலு முதல் ஆறு மணி நேரம்தான் நிற்கும். பதினொன்றரைக்குப் பிள்ளையின் கண் சிவக்கும், டெஸ்க்கில் தலை சாயும், பன்னிரண்டுக்குப் பள்ளியிலிருந்து போன் வரும். அதற்குள் பக்கத்துப் பிள்ளையின் தண்ணீர் பாட்டிலில் இவனும் வாய் வைத்துக் குடித்திருப்பான்.

மருந்து கொடுக்காமலே முழுதாக 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அனுப்பலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் நின்றபிறகு 48 மணி நேரம். மூன்று வயதுக் குழந்தையைக் காய்ச்சலோடு வர வைக்கும் பரிசைப் பள்ளிகள் நிறுத்தியே ஆக வேண்டும்.

ஜூன் 30, திங்கள்

மாதக் கடைசி, சதவீதம் குறிப்பேட்டில் ஏறும் நாள். கை கால் வாய் நோய், நம்ம பக்கம் தக்காளிக் காய்ச்சல் என்று சொல்வது, வந்த ஒரு பிள்ளையின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஜூனில் திங்கள் முதல் வெள்ளி வரை 21 பணி நாள். 7 நாள் விடுப்பு என்றால் 14/21, அதாவது 66.7 சதவீதம். உடனே சிவப்பு மையில் வட்டம், பெற்றோர் நேரில் வரச் சொல்லிச் சீட்டு.

இதே 7 நாளை ஆண்டுக்குப் போட்டால்? 1 முதல் 5 வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சப் பணி நாள் 200. அதில் 75 சதவீதம் 150 நாள். வேறு விடுப்பு எடுக்காவிட்டால் இந்தப் பிள்ளையின் வருகை 96.5. மாதச் சதவீதத்தை வைத்துக் கூப்பிட்டால் "ஆண்டுக் கணக்கு போட்டுக் காட்டுங்க டீச்சர்" என்று கேளுங்கள். டீச்சரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. காலையும் மதியமும் பதிவு போடச் சொல்லி அவர்களுக்கும் மேலிருந்து நெருக்கடி.

ஜூலை 9, புதன்

மருத்துவச் சான்று. மூன்று நாளுக்கு மேல் போனால் கேட்கிறார்கள். எல்லோரும் சறுக்குவது ஒரே இடத்தில்: வீட்டிலேயே கஷாயம் கொடுத்துப் பார்த்துவிட்டு நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போவது. பார்க்காத நாளுக்கு டாக்டர் எழுதித் தரமாட்டார், தரவும் கூடாது. அந்த முதல் மூன்று நாள் அப்படியே "ஆப்சென்ட்" ஆகிவிடும். ஆகவே முதல் நாளோ இரண்டாம் நாளோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு ஓ.பி. சீட்டுப் போட்டுவிடுங்கள். தேதி முத்திரை விழுந்த அந்தச் சீட்டின் நகலை விடுப்புக் கடிதத்தோடு இணைத்தால் சின்னப் பிள்ளைக்கு அதுவே போதும் என்று வாதாடலாம். சான்று வாங்கினால் நோயின் பெயர், பார்த்த தேதி, எத்தனை நாள் ஓய்வு, டாக்டரின் பதிவு எண், முத்திரை ஆகிய ஐந்தும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

அம்மைக்கு மட்டும் இங்கே யாரும் அவசரப்படுவதில்லை. வேப்பிலை கட்டி, மூன்று தண்ணி ஊற்றித்தான் அனுப்புவார்கள். கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை வெளியே விடக்கூடாது என்று மருத்துவமும் சொல்கிறது. இந்தப் பொறுமை மற்றக் காய்ச்சலுக்கும் வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தாமதம். ரப்பர் வெட்டப் போகிறவர்கள் விடியுமுன்னே கிளம்புகிறார்கள். அவர்கள் திரும்பி வந்து பிள்ளையைக் குளிப்பாட்டி அனுப்ப ஒன்பதரை ஆகும். வாசல் கதவைச் சாத்திவிட்டு ஆறு வயதுப் பிள்ளையை வெளியே நிறுத்துவது தண்டனைதான். உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடுக்கிறது. அரசுப் பள்ளியில் நேரம் தப்பினால் காலை உணவும் போய்விடும்.

முதலில் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள், நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். அசையவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. தனியார் பள்ளி என்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர். அதற்கும் மேலே திங்கள்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாள். வாயால் சொன்ன புகார் எங்கும் நிற்காது.

அக்டோபர் 22, புதன்

வடகிழக்குப் பருவமழைக் காலம். இந்த மாவட்டத்தில் மழை ஒரே சீராகப் பெய்வதில்லை. பேச்சிப்பாறையில் கொட்டும்போது கன்னியாகுமரியில் வெயில் அடிக்கும். பேச்சிப்பாறை அணையில் உபரிநீர் திறந்தால் திற்பரப்பு அருவி பொங்கும், குழித்துறையில் ஆற்றைக் கடக்கும் தாழ்வான சப்பாத்து பாலத்தில் தண்ணீர் ஏறும். மாவட்டம் முழுக்க விடுமுறை இல்லை என்றால் அக்கரைப் பிள்ளைக்கு "ஆப்சென்ட்". பாலத்தில் தண்ணீர் ஓடுவதைப் போட்டோ எடுத்து எட்டரைக்கு முன்பே வகுப்பாசிரியருக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் கடிதத்திலும் "பாதை மூடல்" என்று காரணம் எழுதுங்கள். "சொந்த வேலை" என்று மட்டும் எழுதாதீர்கள். பின்னால் எண்ணும்போது அதுதான் எதிராக நிற்கும்.

டிசம்பர் 3, புதன்

கோட்டார் சவேரியார் திருவிழா, மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. இதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பணி நாளாகும். விடுமுறை ஆணையிலேயே அந்தத் தேதி இருக்கும், ஆனால் செய்தியைப் பகிர்கிறவர்கள் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சனிக்கிழமை சில வேன்கள் ஓடாது, சில பள்ளிகள் மழலையர் வகுப்பை வைக்காது. ஓடாத வேனுக்கும் வருகையில் ஒரு நாள் குறைகிறது. ஆணையின் கடைசிப் பத்தியைப் படித்துத் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். வேன் உண்டா, எல்.கே.ஜி. உண்டா என்று வியாழக்கிழமையே பள்ளியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.