தாய்வழி ஒன்று, தந்தைவழி வேறு

கல்குடாவிலோ கல்லடியிலோ திமிங்கிலம் ஒன்று இறந்து கரையொதுங்கினால், நாற்றம் ஊரைச் சூழுமுன் பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுவந்து புதைத்துவிடுவதே வழக்கம். அந்த அவசரம் நியாயமானதுதான். ஆயினும், ஆழ்கடலில் மூழ்கி வாழும் இவ்விலங்குகளின் உறவுமுறையை அறிய நமக்குக் கிடைக்கும் மிகச் சில சான்றுகளுள் அவ்வுடலும் ஒன்று.

எண்ணெய்த் திமிங்கிலத்தை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் மீற்றருக்கும் கீழே சென்று கணவாய் வேட்டையாடக்கூடிய இவ்வினத்தின் பெண்கள், தாயும் மகளும் பேத்தியுமாகக் கூடி வெப்பக் கடல்களிலேயே வாழ்கின்றன. ஆண்களோ வளரும் பருவத்தில் பிறந்த கூட்டத்தைப் பிரிந்து, குளிர்ந்த துருவக் கடல்களை நோக்கிப் போய், பின்னர் இனப்பெருக்கத்துக்காகவே வெப்பக் கடலுக்குத் திரும்புகின்றன. இவ்வாழ்க்கை டி.என்.ஏ.யில் பதிந்திருக்கிறது. கலத்தினுள் இழைமணி எனும் நுண்ணுறுப்பில் இருப்பதும் தாயிடமிருந்து மட்டும் பிள்ளைக்கு வருவதுமான இழைமணி டி.என்.ஏ.யை ஒப்பிட்டால் ஒரு சமுத்திரத்தின் திமிங்கிலங்கள் மற்றொன்றின் திமிங்கிலங்களிலிருந்து வேறுபடுகின்றன. இரு பெற்றோரிடமிருந்தும் வருவதும் கலத்தின் கருவில் இருப்பதுமான கரு டி.என்.ஏ.யை ஒப்பிட்டாலோ, நெடுந்தூரம் அலையும் ஆண்களின் கலப்பால் அவ்வேறுபாடு பெரிதும் மங்கிவிடுகிறது.

உலகெங்கும் பரவியிருந்தும் இவ்வினத்தின் இழைமணி டி.என்.ஏ.யின் பல்வகைமை வியக்கத்தக்க அளவு குறைவு. 1980களின் தொடக்கத்தில் 'டியூலிப்' என்ற பாய்க்கப்பலில் வந்து இலங்கைக் கடலில் இவற்றை ஆராய்ந்த ஹால் வைட்ஹெட், தாய்வழிக் கூட்டங்களுக்குள் கற்றுக்கொடுக்கப்படும் பழக்கங்களே, நல்ல பழக்கமுள்ள தாய்வழிகள் பெருகி மற்றவை மறைவதால், இதற்குக் காரணமாகலாம் என்று 1998இல் எழுதினார். முற்காலத்தில் சுருங்கிய குடித்தொகை ஒன்று பின்னர் பெருகிப் பரவியது என்ற விளக்கமே எனக்கு வலுவானதாகத் தோன்றுகிறது. எதுவாயினும், வலையிலோ கப்பல் மோதியோ நம் கடலில் ஒரு பெண் கூட்டம் அழிந்தால், வந்துபோகும் ஆண்களால் அந்தத் தாய்வழியை மீட்டுத் தர இயலாது. கரு டி.என்.ஏ.யை மட்டும் பார்த்து உலகம் முழுவதும் ஒரே குடித்தொகைதானே என்று ஆறுதலடைவது ஆபத்தானது.

மாதிரி ஒன்றைப் பேணி வைப்பதன் பெறுமதிக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1963 சனவரியில் இரத்மலானையில் ஒதுங்கிய, பறவை அலகு போன்ற மூஞ்சியுடைய அலகுத் திமிங்கிலம் ஒன்றைப் புதிய இனமென்று அறிவித்தார் இலங்கை விலங்கியலாளர் பி. ஈ. பி. தெரணியகல. ஈராண்டுகளில் அது வேறோர் இனத்துடன் சேர்க்கப்பட்டுவிட்டது. மாலைதீவு, சீசெல்ஸ், கிரிபாட்டி, பல்மைரா ஆகிய இடங்களின் மாதிரிகளோடு, பேணப்பட்டிருந்த இரத்மலானை மாதிரியையும் சேர்த்து ஏழு விலங்குகளை ஒப்பிட்ட பின்னரே, 2014இல் அது தனி இனமென உறுதியாயிற்று. தெரணியகல அதற்கு முன்பே, 1976இல், காலமாகிவிட்டார்.

ஆகவே, வனசீவராசிகள் அதிகாரிகள் வந்ததும், நகக்கண் அளவு தோலை வெட்டி எதனோல் நிறைந்த சிறு புட்டியிலிட்டு, நாள், இடம், நீளம், ஆணா பெண்ணா என்பவற்றை எழுதி ஒட்டுமாறு கேளுங்கள். அலகுத் திமிங்கிலமாயின் இது இன்னும் அவசியம். பெரும்பாலான இனங்களில் பெண்களுக்குப் பல் ஈறைத் தாண்டி வெளிவருவதில்லை என்பதால், வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து அவற்றின் இனத்தைச் சொல்வது மிகக் கடினம்.