எக்ஸ்பி இருந்த பெட்டிக்குள் 98 ஏற்றியது

கிளிநொச்சியில் முந்தி ரைப்செற்றிங் கடை வைத்திருந்த அண்ணை ஒருவரின் பென்டியம் 4 இப்ப என்ர மேசையில் நிற்கிறது. 40 ஜிபி ஹாட்டிஸ்க், 768 எம்பி ராம், உள்ளே விண்டோஸ் எக்ஸ்பி. கூடவே பரலல் போட்டில் கொழுவுகிற ஸ்கேனர் ஒன்று. அதற்கு இருக்கிறது விண்டோஸ் 98க்கான டிரைவர் சீடி மட்டும்தான். அதனால் எக்ஸ்பியோடு 98ஐயும் ஏற்றவேண்டி வந்தது.

"எக்ஸ்பியை அழிச்சுப் போடாதை தம்பி. நான் அடிச்ச கலியாணக் காட், கல்வெட்டு எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு" என்று சொல்லித்தான் தந்தவர். கல்வெட்டு என்றால் செத்தவீட்டு நினைவுப் புத்தகம். எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தட்டினால் 'தமிழ்' என்று விழுமே, அந்தப் பாமினி. எத்தனையோ குடும்பங்களின் பெயர்களும் திகதிகளும் அந்தக் கோப்புகளில் இருக்கின்றன. அதனால் முதலில் அவ்வளவையும் வெளி ஹாட்டிஸ்க் ஒன்றுக்குக் கொப்பி எடுத்து வைத்தேன். செம்மண் புழுதியை பிறஸ்ஸால் தட்டி, மதர்போட்டில் செத்துப்போயிருந்த 2032 பட்டன் பற்றறியையும் மாற்றினேன்.

வழமையாகப் பழையதை முதலில் ஏற்றி, புதியதைப் பிறகு ஏற்றுவார்கள். அப்படிச் செய்தால் எக்ஸ்பி தானே 98ஐக் கண்டுபிடித்து, தொடங்கும்போது எது வேணும் என்று கேட்கிற மெனுவில் சேர்த்துவிடும். இங்கே எல்லாம் தலைகீழ். நல்ல காலம், ஹாட்டிஸ்க்கின் சி, டி இரண்டு பகுதிகளும் 98க்கும் வாசிக்கத் தெரிந்த ஃபாட் 32 முறையில் இருந்தன. சி எக்ஸ்பியின் மற்ற முறையான என்டிஎஃப்எஸ்ஸாக இருந்திருந்தால் 98இன் கண்ணில் அது பட்டிருக்கவே மாட்டாது.

ராம் 512 எம்பியைத் தாண்டினால் 98 குழம்பும். நினைவகம் போதவில்லை என்றுகூடச் சொல்லும். ஆகவே 256 எம்பி துண்டைக் கழற்றி வைத்துவிட்டு, 98 எஸ்ஈ (இரண்டாம் பதிப்பு) சீடியால் பூட் செய்து டியில் ஏற்றினேன். ஏற்றி முடிந்ததும் 98இன் சிஸ்டம்.இனி (system.ini) என்ற அமைப்புக் கோப்பில் விகாஷ் (vcache) பகுதிக்குக் கீழே, கோப்புகளுக்காக 98 பிடித்துவைக்கிற ராமுக்கு எல்லை போடுகிற மெக்ஸ்ஃபைல்காஷ் (MaxFileCache) அளவை 262144 என்று எழுதி, துண்டைத் திரும்பச் செருகினேன். சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது.

இனித்தான் கவனமாகச் செய்யவேண்டிய இடம். 98 டியில் இருந்தாலும் அதன் பூட் செக்டர், அதாவது கணினி தொடங்கும்போது முதலில் வாசிக்கிற சின்னத் துண்டு, சியில்தான் எழுதப்படும். எக்ஸ்பியின் மெனு காணாமல் போகும், நேரே 98 திறக்கும். எக்ஸ்பி அழியவில்லை, அதற்குப் போகிற வாசல்தான் மூடியிருக்கிறது. ஆனால் உடனே எக்ஸ்பி சீடியில் இருக்கிற ரிக்கவரி கொன்சோல் என்ற திருத்தும் திரைக்குப் போய், எக்ஸ்பியின் பூட் செக்டரைத் திரும்ப எழுதுகிற ஃபிக்ஸ்பூட் (fixboot) கட்டளையைக் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் எக்ஸ்பி வரும், 98இன் பூட் செக்டர் போய்விடும்.

98 தொடங்கும்போது எஃப்8 அழுத்தி டொஸ் (DOS) என்ற கட்டளைத் திரைக்குள் போய், டீபக் (debug) என்ற சின்ன நிரல் மூலம் சியின் முதல் செக்டரை, அதாவது 98இன் பூட் செக்டரை, வெறும் 512 பைட், பூட்செக்ட்.டொஸ் (bootsect.dos) என்ற பெயரில் சியிலேயே சேமித்தேன். டீபக்கில் இலக்கமெல்லாம் பதினாறின் அடியில் என்பதால் அளவை 200 என்று கொடுக்கவேணும். டிரைவ் இலக்கம் சிக்கு 2. கோப்பு சரியாக 512 பைட் என்று, கோப்புகளைப் பட்டியலிடுகிற டிர் (dir) கட்டளை காட்டிய பிறகுதான் எக்ஸ்பி சீடியைப் போட்டு, ஆர் அழுத்தி ரிக்கவரி கொன்சோலுக்குப் போய், ஃபிக்ஸ்பூட் கொடுத்தேன்.

எக்ஸ்பி திறந்தது. அண்ணையின் கோப்புறைகள் போட்டபடி இருந்தன. மெனுவின் பட்டியல் இருக்கிற பூட்.இனி (boot.ini) கோப்பில், சேமித்துவைத்த பூட்செக்ட்.டொஸ்ஸைக் காட்டி 98க்கு ஒரு வரி சேர்த்து ரீஸ்டாட் பண்ண, இரண்டு பெயரும் ஒன்றின்கீழ் ஒன்றாக வந்து நின்றன. அந்தக் கறுப்புத் திரையைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஸ்கேனர் 98இல் முதல் தரமே வேலை செய்தது. பழைய கல்வெட்டு ஒன்றின் அட்டையை 300 டிபிஐயில் எடுத்தேன், எழுத்துகள் சுத்தமாக வந்தன. 98 பென் டிரைவை டிரைவர் இல்லாமல் எடுக்காது. அதனால் படங்களை டியில் போட்டு, எக்ஸ்பிக்கு மாறி அங்கிருந்து பென் டிரைவுக்கு எடுக்கிறேன். மாறிமாறிப் பூட் பண்ணுகிற வேலைதான், ஆனாலும் ஓடுகிறது.

98இல் சத்தம் இன்னும் வரவில்லை. மதர்போட்டில் இருக்கிற ஏசி97 ஒலி சிப்புக்கு ஏற்ற டிரைவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.