20 வயசு மிக்ஸி

எங்க வீட்டு மிக்ஸிக்கு 20 வயசு தாண்டிருச்சு, அம்மா தூக்கிப் போட விடமாட்டாங்க. போன வாரம் சட்னி அரைக்கிறப்ப மோட்டார் மட்டும் கத்துது, பிளேடு சுத்தல. பாத்தா, மோட்டாரோட சுத்தலை ஜாருக்குக் கடத்துற கப்ளரோட பல்லெல்லாம் தேஞ்சு மொட்டையா இருக்கு. ரப்பர்தானே, மோட்டாருக்குப் பதிலா அதுதான் முதல்ல போகும், விலையும் கம்மி. ஆனா பிளக்கைப் புடுங்கிட்டு கழட்ட உக்காந்தா, இடப்பக்கமா திருப்பித் திருப்பி கை வலிச்சதுதான் மிச்சம், அப்புறம்தான் புரிஞ்சுது அது தலைகீழ் மரை, வலப்பக்கம் திருப்பணும்! உள்ள நெருப்புப் பொறி நிறைய பறந்தா மோட்டாருக்குக் கரண்ட் கடத்துற கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கலாம், ரெண்டு பிரஷ்ஷையும் சேத்தே மாத்திருங்க. லோடு அதிகமாகி ஓடிட்டு இருக்கும்போதே திடீர்னு நின்னா பதறாம கொஞ்சம் ஆறவிட்டு அடியில இருக்கிற சிவப்பு பட்டனை அமுக்கிப் பாருங்க. இட்லி மாவை இதுல அரைக்காதீங்கன்னு அம்மாகிட்ட சொல்லிருக்கேன், கேட்டாத்தானே.