கிளார்க் கீயில் ஓர் இரவு

நேற்றிரவு சிங்கப்பூர் ஆற்றங்கரையில் கிளார்க் கீ பகுதியிலுள்ள ஸூக் இரவு விடுதியின் நடனத்தளத்தில் பாஸ் ஒலி நெஞ்சுக்கூடு வரை அதிர்ந்தபோது, கையிலிருந்த குவளையின் பனிக்கட்டிகள் ஒவ்வொரு தாளத்துக்கும் நடுங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். விளிம்பில் செருகிய எலுமிச்சைத் துண்டும் மெல்ல நழுவிக்கொண்டிருந்தது.

1991இல் ஜியாக் கிம் தெருவின் பழைய கிடங்குகளில் தொடங்கிய இந்த விடுதி, 2016இல்தான் இங்கு இடம்பெயர்ந்தது. இதுவும் கிடங்குகள் நிறைந்த கரைதான்.

1983இல் சரக்குத் தோணிகள் அகற்றப்பட்ட இந்தச் சிங்கப்பூர் ஆற்றில், தொடக்க காலத்தில் படகு செலுத்தியவர்களுள் பலர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள், நம் தமிழர்கள்.

அவர்கள் உழைத்த கரையில் இன்று இளைஞர்கள் ஆடுவதில் எனக்கு வருத்தமே இல்லை. பகலெல்லாம் உழைக்கும் உடம்புக்கு ஆட்டமும் வேண்டும்.

ஆனால், ஆட வருபவர்களின் கண்ணில் படும்படி அந்தப் படகோட்டிகளைப் பற்றித் தமிழில் நாலு வரி எழுதி வைத்தால், மனம் நிறைந்துபோவேன்.