37 முதல் 64 வரை எத்தனை எண்கள்?

தொடர் எண்களைக் கூட்டும் கணக்கில் பெரும்பாலும் விடை தப்புவது கூட்டலில் அல்ல, எண்ணிக்கையில். 37 முதல் 64 வரை எத்தனை எண்கள் என்று கேட்டால், 64-இல் 37-ஐக் கழித்து 27 என்று எழுதிவிடுகிறோம். 1 முதல் 36 வரை உள்ளவற்றைத்தான் நீக்க வேண்டும்; 37-ஐக் கழித்தால் வேண்டிய எண்ணும் சேர்ந்து போய்விடும். அதனால் கழித்தபின் 1 கூட்டுங்கள்: 28.

இது சரியாக இருந்தால் மீதி சுலபம். முதல் எண்ணும் கடைசி எண்ணும் சேர்ந்தால் 101. 38-உம் 63-உம் சேர்ந்தாலும் 101தான். இப்படி 28 எண்களில் 14 ஜோடிகள். 101 × 14 = 1414.

எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் ஜோடி தேடாதீர்கள், நடு எண்ணைப் பிடியுங்கள். 47 முதல் 53 வரை 7 எண்கள், நடுவில் 50, கூடுதல் 350. ஆரியபட்டர் 499-இல் இயற்றிய ஆரியபட்டீயத்தின் கணிதபாதத்தில் இந்த இரண்டு வழிகளுமே ஒரே சுலோகத்தில் இருக்கின்றன: சராசரியை எண்ணிக்கையால் பெருக்கு, அல்லது முதலையும் கடைசியையும் கூட்டி எண்ணிக்கையின் பாதியால் பெருக்கு.

எண்ணிக்கையில் 1 விட்டுப்போனால் கண்டுபிடிக்க முடியுமா? சில சமயம் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். மேலே 28-க்குப் பதில் 27 போட்டால் 101 × 27 ÷ 2 = 1363.5. முழு எண்களைக் கூட்டினால் அரை எங்கிருந்து வரும்? உடனே உஷாராகிவிடலாம். ஆனால் 20 முதல் 40 வரை கூட்டும்போது இந்தக் காவல் கிடையாது. சரியான எண்ணிக்கை 21, நடு எண் 30, விடை 630. தவறாக 20 என்று எடுத்தால் 600 என்று அழகான விடை வந்து உட்கார்ந்துகொள்ளும், சந்தேகமே வராது. உண்மையான எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கும் கணக்குகள் எல்லாவற்றிலும் இந்த ஆபத்து உண்டு. இரு முனைகளும் ஒற்றை, அல்லது இரு முனைகளும் இரட்டை என்றால் எண்ணிக்கையை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

சரியாகப் பத்து எண்கள் என்றால் பெருக்கலே வேண்டாம். ஐந்தாவது எண்ணை எழுதி, பக்கத்தில் 5 போட்டால் போதும். 68 முதல் 77 வரை ஐந்தாவது எண் 72, விடை 725. பத்து எண்களின் சராசரி ஐந்தாவது எண்ணைவிட அரை அதிகம், அதைப் பத்தால் பெருக்கினால் கடைசியில் 5 வந்து நிற்கிறது. மனக்கணக்கில் இதைவிட வேகமான வழி இல்லை என்பேன்.

1 முதல் தொடங்கும் கூடுதலுக்கு, கடைசி எண்ணை அதற்கு அடுத்த எண்ணால் பெருக்கிப் பாதியாக்குவது எல்லோருக்கும் தெரியும். பெருக்குவதற்கு முன்பே இரட்டை எண்ணைப் பாதியாக்கிவிடுங்கள். 64 × 65-ஐவிட 32 × 65 இலகு. 51 முதல் 100 வரை கேட்டால் 5050-இலிருந்து 50 வரையிலான 1275-ஐக் கழிக்க வேண்டும், விடை 3775. இங்கே 51 வரையிலான கூடுதலைக் கழித்து 3724 என்று எழுதுவதும் பழைய எண்ணிக்கைப் பிழையின் இன்னொரு முகம்தான்.

7-இன் மடங்குகளைக் கூட்டச் சொன்னாலும் இதே கணக்குதான். 100-க்குள் 14 மடங்குகள். 7-ஐ வெளியே எடுத்துவிட்டால் உள்ளே 1 முதல் 14 வரை, அதாவது 105. விடை 735.

தலைகீழாகவும் கேட்பார்கள்: 1 முதல் எதுவரை கூட்டினால் 666? இரட்டிப்பாக்கினால் 1332. அதன் வர்க்கமூலம் 36-க்கும் 37-க்கும் நடுவே விழுகிறது; 36 × 37 = 1332, ஆகவே 36 வரை. பெருக்கிப் பார்க்கும் படியை மட்டும் விட்டுவிடாதீர்கள். 670 என்று கேட்டிருந்தாலும் வர்க்கமூலம் அதே இடத்தில்தான் விழும், ஆனால் 1340 பொருந்தாது. அப்படிப்பட்ட எண்ணே இல்லை என்பதுதான் அங்கே விடை.